சூளையில் சிதையும் சுண்ணாம்புக்கல் மலைக்கடியில் ஏன் சிதைவதில்லை?

கேள்வி இது: சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டால் சிதைந்து சுண்ணாம்பாகிறது. அதே கல் பூமிக்கடியில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பல கோடி ஆண்டுகள் கிடந்தும் சிதையாமல் பளிங்காகிறது. வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தால் பொருள் இன்னும் சீக்கிரமாக அல்லவா சிதைய வேண்டும்?

வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஒரே பக்கம் நிறுத்திப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. பெரும்பாலான சிதைவுகளில் அவை எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கின்றன. வெப்பம் கட்டுகளைத் தளர்த்தி, அணுக்கள் சிதறித் திரியும் நிலையை நோக்கித் தள்ளும். அழுத்தம் எந்த நிலை குறைந்த இடத்தை அடைக்கிறதோ அதை நோக்கித் தள்ளும். சிதைவில் வாயு ஒன்று வெளியேறுமானால் இரண்டுக்கும் நேரடி மோதல்தான். ஏனென்றால் வாயுவைப் போல இடத்தை அடைப்பது வேறு எதுவும் இல்லை.

சுண்ணாம்புக்கல்லையே கணக்குப் போட்டுப் பாருங்கள். சுத்தமான கல் 100 கிராம் எடுத்தால் அதன் கன அளவு 37 மில்லி லிட்டர், ஒரு முட்டையைவிடச் சிறியது. முழுதாகச் சிதைந்தால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பும் 44 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். அந்த 44 கிராம் வாயு, 900 டிகிரி செல்சியஸில், சாதாரணக் காற்றழுத்தத்தில் 96 லிட்டர் இடம் கேட்கும். 37 மில்லி எங்கே, 96 லிட்டர் எங்கே. இவ்வளவு இடம் கொடுக்க மறுக்கும் சூழலில் கல் சிதையவே முடியாது.

அந்த மறுப்பை எண்ணிலேயே சொல்லலாம். ஒவ்வொரு வெப்பநிலையிலும் சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு சமநிலை அழுத்தம் உண்டு. சுற்றியுள்ள கரியமில வாயுவின் அழுத்தம் அதைவிடக் குறைவாக இருந்தால் கல் சிதையும். அதிகமாக இருந்தால் சிதைந்த சுண்ணாம்புகூட வாயுவை உறிஞ்சித் திரும்பக் கல்லாகும். 550 டிகிரியில் அந்த அழுத்தம் வெறும் 0.00055 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). 680 டிகிரியில் 0.018. 800 டிகிரியில் ஏறத்தாழ 0.24. 898 டிகிரியில்தான் ஒரு வளிமண்டலத்தை எட்டுகிறது. 1,082 டிகிரியில் 9 பார், 1,241 டிகிரியில் 40 பார் அளவுக்குப் போகிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கணக்கில் வருவது கரியமில வாயுவின் பங்கு அழுத்தம், அதாவது கலவையில் அந்த வாயு மட்டும் தரும் அழுத்தம்; மொத்தக் காற்றழுத்தம் அல்ல. திறந்த காற்றில் கரியமில வாயுவின் பங்கு 0.0004 பார்தான். எனவே காற்று நன்றாக ஓடும் இடத்தில் 550 டிகிரியிலேயே கல் சிதையலாம். ஆனால் சிதைய 'முடியும்' என்பது வேறு, எவ்வளவு வேகத்தில் என்பது வேறு. 550 டிகிரியில் அந்த வேகம் எந்த வேலைக்கும் உதவாது. காளவாயில் 900 டிகிரிக்கு மேல் போவதன் காரணம், அங்கே கல் தன் வாயுவைத் தானே வெளியே தள்ளும் பலத்தைப் பெறுகிறது. எரிபொருள் புகையில் ஏற்கெனவே இருக்கும் கரியமில வாயு அதைத் தடுக்க முடிவதில்லை.

காளவாயில் இது எப்படி நடக்கிறது

சிதைவு கல் முழுவதும் ஒரே நேரத்தில் நடக்காது. மேற்பரப்பில் தொடங்கி உள்நோக்கி ஒரு முகப்பாக நகரும். வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு ஓடு, உள்ளே இன்னும் சிதையாத கல். உள்ளே பிறக்கும் வாயு அந்த ஓட்டின் நுண்துளைகள் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அதனால் முகப்பில் வாயு அழுத்தம் ஒரு பார் அளவுக்கு நிற்கும். வெளியே 1,050 டிகிரி இருந்தாலும் முகப்பு 900 டிகிரியை ஒட்டியே இருக்கும். வந்து சேரும் வெப்பம் முழுவதையும் சிதைவே விழுங்கிவிடுகிறது. ஒரு கிலோ கல்லுக்கு 1.78 மெகாஜூல் வெப்பம் இதற்கே போகிறது.

இதிலிருந்து காளவாய்க்காரர்கள் நன்றாக அறிந்த ஒரு தொல்லை பிறக்கிறது. கைப்பிடியளவு கல்லும் தலையளவு கல்லும் கலந்து அடுக்கினால், பெரிய கல்லின் நடு வேகும் நேரத்தில் சின்னக் கல் அளவுக்கு மீறிச் சுடப்பட்டிருக்கும். 1,200, 1,300 டிகிரியில் நீடித்து இருந்தால் சுண்ணாம்பின் நுண்துளைகள் மூடி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். அப்படிப்பட்ட சுண்ணாம்பு தண்ணீர் ஊற்றினாலும் உடனே நீறாது, அதாவது தண்ணீரைக் குடித்துப் பொடியாகாது. பூச்சு வேலையில் கலந்துவிட்டால், சுவர் காய்ந்த பிறகு ஈரத்தை மெல்ல உறிஞ்சி நீறிப் பருத்து, பூச்சில் கொப்புளம் கொப்புளமாகத் தெறிக்க வைக்கும். மறுபக்கம், சுடப்படாத நடுக்கல் எந்தப் பயனும் இல்லாத கல்லாகவே கிடக்கும். எனவே கல் அளவை ஒரே மாதிரி உடைத்துக்கொள்வதுதான் முதல் வேலை, எரிபொருள் பிறகுதான். அடுத்தது காற்றோட்டம். மேல்வாய் அடைந்து புகை தேங்கினால் உள்ளே கரியமில வாயுவின் பங்கு உயரும், சிதைவுக்குத் தேவையான வெப்பநிலையும் கூடவே உயரும். ஆறும்போதும் புகை தேங்கவிடக் கூடாது. 900க்குக் கீழே இறங்கும்போது சுண்ணாம்பு அந்த வாயுவைத் திரும்ப இழுத்து, மேலே மெல்லிய கல்தோல் பூசிக்கொள்ளும்.

சுட்டது சரியா என்று பார்க்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது எடை: நல்ல கல் 100 கிலோ போட்டால் 56 கிலோவை ஒட்டி வர வேண்டும், 65, 70 என்று நின்றால் உள்ளே கல் பாக்கி இருக்கிறது, அல்லது கல்லிலேயே மணலும் களிமண்ணும் அதிகம். இரண்டாவது, உடைத்த துண்டின் நடுவில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விடுவது: நுரைத்துப் பொங்கினால் அந்த இடம் வேகவில்லை. மூன்றாவது நீறும் வேகம். 20 டிகிரி தண்ணீர் 600 மில்லி எடுத்து, 150 கிராம் தூளாக்கிய சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டே போட்டு, 60 டிகிரியைத் தொட எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். மென்மையாகச் சுட்டது இரண்டு நிமிடத்துக்குள் எட்டும். ஆறு நிமிடம் தாண்டினால் கடுமையாகச் சுடப்பட்டது. கண்ணாடி அணியாமல் இதைச் செய்யவே கூடாது. கண்ணில் பட்ட சுண்ணாம்பு பார்வையைப் பறித்துவிடும்.

கடற்கரையில் சுடும் கிளிஞ்சலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பல கிளிஞ்சல்களில் இருப்பது அராகொனைட் என்னும் அடர்த்தியான வடிவம். சுண்ணாம்புக்கல்லில் இருப்பது கால்சைட். இரண்டும் ஒரே கால்சியம் கார்பனேட்தான், அணுக்களின் அடுக்கு மட்டும் வேறு. அராகொனைட்டின் அடர்த்தி 2.93, கால்சைட்டின் அடர்த்தி 2.71. ஏறத்தாழ 400, 500 டிகிரியில், வாயு எதுவும் வெளியேறுவதற்கு முன்பே, அராகொனைட் கால்சைட்டாக மாறி எட்டு விழுக்காடு பருக்கும். சூடேறும் கிளிஞ்சல் நொறுங்குவதில் இதற்கும் பங்கு உண்டு. இந்த மாற்றத்தை எதிர்த்திசையில் நடத்துவது அழுத்தம்: ஆயிரக்கணக்கான பார் அழுத்தத்தில் கால்சைட் அராகொனைட்டாகிறது. இடத்தைக் குறைக்கும் வடிவத்தையே அழுத்தம் விரும்பும் என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது.

துப்பாக்கிக் குழாய்க்குள் பளிங்கு

நீங்கள் கேட்ட கேள்வியை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டனை நோக்கி அவருடைய எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். பூமியின் உள்வெப்பம்தான் படிவுகளை இறுக்கிப் பாறையாக்கியது என்றார் ஹட்டன். அப்படியானால் சுண்ணாம்புக்கல் எல்லாம் எப்போதோ சுண்ணாம்பாகியிருக்க வேண்டுமே என்றார்கள் அவர்கள். மேலே உள்ள பாறையின் பாரம் வாயுவை வெளியே விடாது என்பது ஹட்டனின் பதில். ஆனால் சின்ன உலையில் செய்யும் சோதனையை வைத்துப் பூமியைப் பற்றி முடிவு செய்வதை அவர் விரும்பவில்லை. அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஹால், 1797இல் ஹட்டன் இறக்கும்வரை காத்திருந்து, 1798இல் சோதனையைத் தொடங்கினார்.

ஹால் பயன்படுத்தியது துப்பாக்கிக் குழாய்கள். பொடித்த சுண்ணாம்புக்கல்லைச் சிறு குப்பியில் இறுக்கிக் குழாயின் அடியில் வைத்து, எளிதில் உருகும் உலோகக் கலவையை ஊற்றி வாயை அடைத்து, அடிப்பக்கத்தை மட்டும் உலையில் சூடாக்கினார். உருகிய உலோகம் விரிந்து குழாயையே பிளந்தது. அதற்கு இடம் கொடுக்கக் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு வைத்தார். குழாய்கள் வெடித்தன, வாயு கசிந்தது, எத்தனையோ முறை கையில் மிஞ்சியது வெறும் சுண்ணாம்புதான். 500க்கும் மேற்பட்ட சோதனைகளுக்குப் பின் 1805இல் எடின்பரோ ராயல் சங்கத்தில் முடிவை வாசித்தார். பொடி, வாயுவை இழக்காமலே, படிகங்கள் மின்னும் கல்லாக இறுகியிருந்தது. 52 வளிமண்டல அழுத்தம், அதாவது 1,700 அடிக் கடல்நீரின் பாரம், சுண்ணாம்புக்கல் உருவாகப் போதும். 86 இருந்தால் முழுப் பளிங்கு. 173 இருந்தால் கல் உருகவே செய்யும் என்று கணக்கும் கொடுத்தார். அந்தக் காலக் கருவிகளை வைத்து அவர் எட்டிய இந்த எண்கள் வியப்பானவை. இன்றைய அளவீட்டில், சுண்ணாம்பும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த கலவை உருகத் தொடங்குவது 1,240 டிகிரியும் 40 பார் அழுத்தமும் சந்திக்கும் இடத்தில்.

இப்போது மலைக்கடிக்குப் போவோம். பாறையின் அடர்த்தியை 2.7 என்று வைத்தால், ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் 265 பார் ஏறும். வெப்பம் கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி ஏறும். பத்து கிலோமீட்டரில் 2,650 பார், 300 டிகிரி. 300 டிகிரியில் கல்லின் சமநிலை அழுத்தம் ஒரு பாரில் மிகச் சிறிய துளிதான். வாயு தப்ப வழியில்லாத இடத்தில் அதன்மேல் அமர்ந்திருப்பதோ 2,650. போட்டியே இல்லை. சூடான எரிமலைக் குழம்பு பக்கத்தில் வந்து 800 டிகிரிக்கு ஏற்றினாலும் அப்படித்தான். வாயுவை விட முடியாத கல், கிடைத்த வெப்பத்தைத் தன் படிகங்களைப் பெரிதாக்கச் செலவிடுகிறது. சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர, புதைபடிவங்கள் அழிந்து, சர்க்கரைக் கட்டி போல மின்னும் பளிங்கு பிறக்கிறது.

ஆனால் கல் சுத்தமாக இல்லாவிட்டால் கதை மாறுகிறது. மணல், அதாவது குவார்ட்ஸ், கலந்திருந்தால் இரண்டும் சேர்ந்து வோலாஸ்டனைட் என்ற வெண்கனிமத்தை உண்டாக்கி வாயுவை விடும். சுண்ணாம்பாகத் தனியே நிற்பதைவிட இது பாதுகாப்பான இருப்பிடம் என்பதால் குறைந்த வெப்பத்திலேயே நடக்கும். 1,000, 2,000 பார் கரியமில வாயு அழுத்தத்தில்கூட ஏறத்தாழ 650 முதல் 750 டிகிரியே இதற்குப் போதும். பாறை விரிசல்களில் தண்ணீர் ஓடி வாயுவை நீர்த்துப்போகச் செய்தால் இன்னும் குறைவிலேயே நடக்கும். எந்த அழுத்தத்துக்கு எந்த வெப்பம் வேண்டும் என்று கணித்து முதன்முதலில் கோடு வரைந்தவர் புவிவேதியியலாளர் வி. எம். கோல்ட்ஷ்மிட், 1912இல். பளிங்குக் குவாரியில் வோலாஸ்டனைட் கண்டால், அங்கே வெப்பம் எவ்வளவு, வாயுவுக்கு வழி இருந்ததா இல்லையா என்ற இரண்டுக்கும் அது தடயம்.

பரங்கிமலையின் கருங்கல்

தமிழ்நாட்டுப் பாறைகளில் இதே கதையைத் தண்ணீரை வைத்துப் படிக்கலாம். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் கிடைக்கும் கருநீலம் பாய்ந்த, எண்ணெய் தடவியது போன்ற கருங்கல் சார்னோக்கைட். கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பெயரைச் சூட்டினார். இதில் உள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் பெரும்பாலும் கருப்புக் காக்காய்ப்பொன், அதாவது பயோடைட், சிதைந்து வந்தது. பயோடைட் தன் கட்டமைப்புக்குள் எடையில் ஏறக்குறைய 4 விழுக்காடு தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கும். 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 6,000 முதல் 9,000 பார் வரை அழுத்தத்தில், 700 முதல் 900 டிகிரியில் அந்தப் பூட்டு உடைகிறது.

இவ்வளவு அழுத்தத்தில் எப்படி உடைந்தது என்று கேட்கத் தோன்றும். பாறையின் அழுத்தம் எவ்வளவு இருந்தாலும், தண்ணீரின் பங்கு அழுத்தம் குறைவாக இருந்தால் போதும். காளவாயில் கண்ட அதே விதி. தண்ணீரைக் குறைப்பது யார் என்பதில்தான் இரு விளக்கங்கள். பாறை ஓரளவு உருகி, உருகிய குழம்பு தண்ணீரைத் தன்னுள் இழுத்துக்கொண்டு மேலே போய்விட்டது என்பது ஒன்று. ஆழத்திலிருந்து கரியமில வாயு ஊடுருவித் தண்ணீரை விரட்டியது என்பது மற்றொன்று. தென்னிந்தியச் சார்னோக்கைட்களின் கனிமங்களுக்குள் நுண்குமிழிகளாக அந்த வாயு சிறைப்பட்டிருப்பது இதற்கு வலு சேர்க்கிறது. கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் சாம்பல்நிற நைஸ் பாறையின் ஊடே கருமை நாடா நாடாகப் பரவியிருப்பதைப் பார்த்தால், ஏதோ ஒன்று விரிசல் வழியே நடந்துபோன தடம் கண்ணெதிரே தெரியும். இரண்டும் இடத்துக்கு இடம் நடந்திருக்கும் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வாயு வெளியேறும் சிதைவை அழுத்தம் எப்போதும் தடுக்கும் என்று இதை வைத்துச் சூத்திரம் எழுதிவிடவும் கூடாது. ஆழம் கூடக் கூடத் தண்ணீரே நெருக்கப்பட்டு அடர்த்தியாகிவிடுகிறது. ஒரு கட்டத்துக்குமேல் 'வெளியேறினால் இடம் அதிகம் வேண்டும்' என்ற வாதமே செல்லாது. ஆன்டிகோரைட் என்ற பாம்புக்கல் வகை இதற்கு நல்ல சான்று. ஏறத்தாழ 20,000 பார் வரை அழுத்தம் கூடினால் அது தாங்கும் வெப்பமும் கூடி 650, 700 டிகிரிவரை போகும். அதற்கு மேல் அழுத்தினால் தாங்கும் வெப்பம் குறையத் தொடங்கும். கடல்தட்டுகள் கண்டங்களுக்கு அடியில் அமிழும் இடங்களில் தண்ணீர் பிரிந்து மேலே வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கான்கிரீட்: வழி அடைபட்டால்

வாயு வெளியேற வழியில்லாமல், ஆனால் அதை அடக்க மேலே மலையும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தீப்பிடித்த கான்கிரீட்டில் பார்க்கலாம். மேற்பரப்பு சூடேற, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிறது. பாதி ஆவி வெளியே வரும், மீதி உள்ளே குளிர்ந்த பகுதிக்குப் போய்த் திரும்பத் தண்ணீராகி நுண்துளைகளை அடைத்துவிடும். அடைபட்ட தண்ணீர் 200 டிகிரியை எட்டினால் ஆவியழுத்தம் 15.5 பார், 250இல் 40 பார், 300இல் 86 பார். கான்கிரீட் இழுவிசையில் தாங்குவது 30 முதல் 50 பார்தான். இதோடு, சூடான தோல் விரியப் பார்க்க உள்ளே குளிர்ந்த பகுதி விடாததால் வரும் தகைவும் சேர்கிறது. தட்டுத் தட்டாகக் கான்கிரீட் வெடித்துத் தெறிப்பது இதனால்தான்.

இதில் பலரும் எதிர்பாராத விஷயம், நல்ல கான்கிரீட்தான் மோசமாக வெடிக்கும். வலிமை கூடிய கலவையில் நுண்துளைகள் குறைவு, ஆவிக்கு வழியும் குறைவு. 1996 நவம்பரில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே உள்ள ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது, உயர்வலிமைக் கான்கிரீட் வளையங்கள் கடுமையாக உரிந்து போயின. இதற்குத் தீர்வு மிக எளியது: ஒரு கன மீட்டருக்கு 1 முதல் 2 கிலோ பாலிபுரொப்பிலீன் நார். 160 டிகிரியை ஒட்டி அது உருகிவிடும், அது இருந்த இடம் ஆவிக்குக் குழாயாகும். வலிமையில் பெரிய இழப்பு இல்லை. சுரங்கம், நிலத்தடி வாகன நிறுத்தம் போன்ற இடங்களில் உயர்வலிமைக் கான்கிரீட் போடுகிறவர்கள் இதைச் சேர்க்காமல் விடுவது எனக்கு ஏற்க முடியாத சிக்கனம்.

தீ அணைந்த பிறகு எவ்வளவு வெப்பம் போனது என்பதைக் கான்கிரீட்டின் வேதியியலே சொல்லும். 300 டிகிரி தாண்டினால் பல கலவைகளில் இரும்புச் சேர்மங்களால் இளஞ்சிவப்பு ஏறும். 600க்கு மேல் சாம்பல் வெள்ளை. 400க்கும் 500க்கும் இடையில் சிமென்ட் பசையில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு தண்ணீரை விட்டுச் சுண்ணாம்பாகும். 573 டிகிரியில் மணலில் உள்ள குவார்ட்ஸ் திடீரென்று பருக்கும். இரும்புக் கம்பி 550, 600 டிகிரியில் பாதி வலுவை இழந்திருக்கும். இங்கே ஓர் ஏமாற்று இருக்கிறது: தீ அணைந்த அன்று பிளவில்லாமல் நிற்கும் தூண், சில நாட்கள் கழித்து விரிசல் விடலாம். உள்ளே உருவான சுண்ணாம்பு, அணைக்க ஊற்றிய தண்ணீரையும் காற்றின் ஈரத்தையும் குடித்து நீறிப் பருப்பதே காரணம். அதனால் முதல் நாள் பார்வையை வைத்துக் கட்டடத்தைத் திறந்துவிடக் கூடாது.

ஆற்றிலிருந்து எடுத்த ஈரக் கூழாங்கல்லை அடுப்புக்கல்லாக வைத்தால் வெடிப்பதும் இதே காரணத்தால்தான்.

அதே ஆவியழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் அது கட்டவும் செய்யும். ஏஏசி பிளாக் எனப்படும் இலகுக் கற்களை 180, 190 டிகிரியில், 10 முதல் 12 பார் நீராவியில், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வேகவைக்கிறார்கள். வெறும் உலையில் அந்த வெப்பத்தில் வைத்தால் சிமென்ட் பசை தண்ணீரை இழந்து பலவீனமாகும். நீராவி சூழ்ந்திருப்பதால் தண்ணீர் போக வழியில்லை. சுண்ணாம்பும் மணலும் அதைப் பிடித்துக்கொண்டு டோபர்மோரைட் என்ற உறுதியான படிகமாகின்றன. அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் மட்டும் கற்கள் உள்ளிருந்து பிளக்கும். நிதானமாக இறக்க வேண்டும்.

அழுத்தமே சிதைக்கும் இடம்: எஃகு

இதுவரை அழுத்தம் சிதைவைத் தடுத்தது. ஹைட்ரஜன் நிறைந்த எஃகுக் கலனில் அது சிதைவைத் தூண்டுகிறது. எஃகின் வலிமை அதிலுள்ள இரும்புக் கார்பைடால் வருவது. சூடான உயர் அழுத்த ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அந்தக் கார்பைடைத் தாக்கி மீத்தேனாக்கும். இரண்டு பங்கு ஹைட்ரஜன் போய் ஒரு பங்கு மீத்தேன் வருவதால் வாயுவின் அளவு குறைகிறது. எனவே அழுத்தம் கூடக் கூட எதிர்வினை முன்னோக்கியே போகும். பிறந்த மீத்தேன் மூலக்கூறு ஹைட்ரஜனைப் போல எஃகின் ஊடே நழுவ முடியாத அளவு பெரியது. படிகங்களின் எல்லைகளில் தேங்கி, உள்ளிருந்தே பிளவுகளைத் திறக்கிறது.

அம்மோனியா உற்பத்திக்காக ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் போஷ் குழுவினர் முதலில் செய்த எஃகுக் குழாய்கள் ஏறத்தாழ 80 மணி நேரம் ஓடியதும் வெடித்தன. வெட்டிப் பார்த்தபோது உட்பக்க எஃகு கார்பனை இழந்து நொறுங்கும் பொருளாகியிருந்தது. ஹைட்ரஜனைத் தடுக்கும் எஃகைத் தேடுவதை விட்டு, போஷ் எதிர்த்திசையில் யோசித்தார். 1911இல் அவர் கண்ட தீர்வு: உள்ளே கார்பன் இல்லாத மென்மையான இரும்பு உறை, அதில் சிதைய எதுவும் இல்லை. வெளியே அழுத்தத்தைத் தாங்கும் எஃகு, அதில் சிறு துளைகள். உறையைக் கடந்து வரும் ஹைட்ரஜன் அந்தத் துளைகள் வழியே வெளியேறிவிடும். வெளி எஃகில் அழுத்தமாகத் தேங்காது. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் தொடங்கிய அம்மோனியா ஆலை இந்த அமைப்பால்தான் சாத்தியமானது. இன்று குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்து, கார்பைடையே உறுதியாக்கி விடுகிறார்கள். எந்த எஃகு எந்த வெப்பத்தில் எவ்வளவு ஹைட்ரஜன் அழுத்தம்வரை தாங்கும் என்பதற்கு நெல்சன் வளைகோடுகள் உள்ளன. ஆனால் சாதாரணக் கார்பன் எஃகுக்கான கோட்டுக்கு மிக அருகில் வேலை செய்வது ஆபத்து. இந்தச் சேதம் வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் வளர்ந்து ஒரே நாளில் வெடிப்பது.

வைரத்தின் மாற்றத்தில் வாயுவே இல்லை, அடர்த்தி மட்டும்தான். வைரம் 3.51, கிராஃபைட் 2.26. நம் கையில் இருக்கும் வைரம் உண்மையில் கிராஃபைட்டாக மாற வேண்டிய பொருள். மாறும் வேகம் இல்லாததால் நிற்கிறது. ஆலையில் 50,000 முதல் 60,000 பார் அழுத்தமும் 1,300 முதல் 1,600 டிகிரியும் கொடுத்து, உருகிய இரும்பு, நிக்கல், கோபால்ட்டில் கிராஃபைட்டைக் கரைத்து வைரமாகப் படியவைக்கிறார்கள். அழுத்தத்தை எடுத்துவிட்டு 1,500 டிகிரிக்கு மேல் வெற்றிடத்தில் சூடாக்கினால் திரும்பக் கிராஃபைட்டாகும். காற்றில் என்றால் அவ்வளவு தூரமே போகாது, 700, 800 டிகிரியிலேயே எரியத் தொடங்கிவிடும். வைரம் பதித்த நகையில் பற்றவைக்கும் பொற்கொல்லர் கல்லின்மேல் போரிக் அமிலம் பூசுவது இதைத் தடுக்கத்தான்.

பிளாஸ்டிக்குகள் வேறு இனம். இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை திரும்பிவரக்கூடிய மாற்றங்கள், அதனால்தான் அழுத்தத்துக்கு அதில் வாக்கு இருந்தது. பிவிசியில் ஹைட்ரஜன் குளோரைடு பிரியத் தொடங்கினால் அதைத் திரும்ப ஒட்டவைக்க எந்த அழுத்தத்தாலும் முடியாது; பிரிந்த வாயுவே மேலும் சிதைவைத் தூண்டும். குழாய் வார்க்கும் அச்சில் பொருள் தேங்கும் மூலை இருந்தால் பழுப்புப் புள்ளிகள் முதலில் அங்கேதான் வரும். பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர்தான் எதிரி. 270, 290 டிகிரியில் உருகும்போது ஈரம் சங்கிலிகளை வெட்டிவிடும். அதனால் 160, 170 டிகிரி உலர்காற்றில் நான்கு முதல் ஆறு மணி நேரம் உலர்த்தி, ஈரத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே கொண்டுவந்த பிறகே அச்சில் ஏற்ற வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஹாலின் சோதனையை மூடிய குழாயில் செய்துபார்க்கத் தோன்றுகிறவர்கள் இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 10 மில்லி இடமுள்ள மூடிய கலத்தில் சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரிக்குச் சூடாக்கினால், சிதைவது வெறும் 10 மில்லிகிராம். அதற்குள் அழுத்தம் ஒரு பார் வந்து மீதிக் கல்லைச் சிதையாமல் நிறுத்திவிடும். அதே கலத்தில் ஒரே ஒரு மில்லி தண்ணீர் இருந்து 400 டிகிரியை எட்டினால் அழுத்தம் 200 பார். கல்லைவிடக் கல்லின் ஈரம்தான் குழாயைப் பிளக்கும். ஆய்வுக்கூடத்தில் செய்வதானாலும் பொடியை 110 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, அழுத்தச் சான்றுள்ள கலத்தில், அழுத்தம் மீறினால் தானே கிழியும் பாதுகாப்பு வில்லை பொருத்தித்தான் செய்ய வேண்டும். வீட்டில் நீர்க்குழாயை அடைத்துச் செய்யவே கூடாது.